தேடல் பெட்டியின் முன் நிற்பவர்

நின்றுகொண்டேதான் தட்டுகிறார். நாற்காலி இருக்கிறது, அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மேசை விளிம்பில் இடது கையை ஊன்றி, வலது கை நடுவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப்பிடித்துக் குத்துகிறார். ஆட்காட்டி விரலின் நகம் எப்போதோ ஒரு குளிர்பெட்டியின் விசிறியில் போய்விட்டது. பாதிதான் திரும்ப முளைத்தது. அந்த விரலை அவர் தூக்கி வைத்துக்கொண்டு தட்டும்போது, திரையில் இருக்கும் யாரையோ எச்சரிப்பதுபோல் இருக்கும்.

என் அக்காவின் கணவர். ஃபிரிட்ஜ் மெக்கானிக். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வீட்டு ஃபிரிட்ஜின் சத்தத்தைக் கேட்டுவிடுவார். "கதவு ரப்பர் போயிடுச்சு. பாவம், மூச்சு வாங்குது பாருங்க" என்பார், நோயாளியைப் பார்க்க வந்தவர்போல. அக்கா இருந்தவரை வெளிவேலை இவருடையது, கம்ப்யூட்டர் அவளுடையது. வாடிக்கையாளர் விவரம், வயரிங் படம், வாரண்டிச் சீட்டு, வீட்டுக் காகிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றிவைத்தவள் அவள்தான். இவர் அவளுக்குப் பின்னால் நின்று, "அந்தக் கிளினிக் பெட்டியோட படத்தை எடு" என்பார். எடுத்துக் கொடுப்பாள். போன மழைக்காலத்தில் அக்கா போய்விட்டாள். இவர் இன்னும் உட்காரவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் பஞ்சாயத்து. அதில் மூன்று பிரவுசர்கள் இருக்கின்றன. ஒன்று கம்ப்யூட்டரோடு வந்தது. இன்னொன்று அவர் மகள் போட்டுக்கொடுத்தது. மூன்றாவது, பிரிண்டருக்கான மென்பொருளை ஏற்றும்போது கேட்டதற்கெல்லாம் "சரி" கொடுத்ததில் தொற்றிக்கொண்டு வந்தது. எதைத் திறந்தாலும், என்னையே வழக்கமான பிரவுசராக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கும். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய தேடுபொறியைக் கையோடு கூட்டி வந்திருக்கிறது. அதை மாற்றினால், பழையபடி வைத்துவிடவா என்று நச்சரிக்கும். அத்தான் வாய்விட்டுப் பதில் சொல்வார். "நேத்துதானேப்பா வேணாம்னேன், அதுக்குள்ள மறந்துட்டியா?" இன்னொன்றிடம், "நீ கொஞ்சம் அடங்கு. உன் முறை வரும்."

"மூணு பேரும் என்னையே நம்பிக் கடை போட்டிருக்காங்க பாரு" என்றார் ஒரு நாள். "ஒரு தெர்மோஸ்டாட் எங்க கிடைக்கும்னு கேட்டா ஆளுக்கொரு பக்கம் கையைப் புடிச்சு இழுக்கறான். மொதல்ல வந்து நிக்கறதெல்லாம் காசு குடுத்து எடம் புடிச்சவன்." ஆனாலும் எதையும் நீக்கமாட்டார். வாரம் ஒருவர் என்று முறைவைத்து வாய்ப்புக் கொடுக்கிறார். ஏன் என்று கேட்டேன். "ஒருத்தன்கிட்டயே போனா மத்தவன் ஏங்கிப்போயிடுவான்ல?" என்றார். அந்த வீட்டில் அவரிடம் எதையாவது கேட்க இந்த மூவரை விட்டால் வேறு ஆளில்லை.

அவருடைய ஃபிரிட்ஜைத் திறந்தால் தட்டுத் தட்டாகத் தண்ணீர் பாட்டில்கள். குடிக்க அல்ல. "காலி ஃபிரிட்ஜுல குளிர் நிக்காதும்மா. கதவைத் திறந்தா எல்லாம் வெளிய ஓடிடும். உள்ள ஏதாவது இருந்தாத்தான் புடிச்சு வைக்கும்." ஓரத்தில் ஒரு பால் பாக்கெட்டும் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தன.

இணையத்தில் தேடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. நிஜமான தேடல், திரையின் கீழ் மூலையில் இருந்த ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியில்தான் நடக்கும். கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் கோப்புகளைத் தேட அக்கா ஏற்றிவைத்த மென்பொருள் அது. அதை உருவாக்கிய கம்பெனியே கைகழுவி எத்தனையோ காலம் ஆகிறது. கோப்பின் பெயரை மட்டும்தான் அதற்குப் படிக்கத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பெயர் வைத்ததோ என் அக்கா.

அவள் எதையும் அதற்குரிய பெயரால் கூப்பிட்டவள் அல்ல. ஐஸ்கிரீம் கடைக்காரரின் கோப்பு, 'போன்ல இருமறவர்'. பேக்கரி, 'கல்யாணத்துக்குக் கூப்பிடாதவங்க'. வீட்டுப் பத்திரம், 'இதை அழிச்சா கொலை விழும்'. ஒரு தண்ணீர் வரி ரசீது, 'தலைவலியோட போய்க் கட்டினது'. என் கல்லூரிச் சான்றிதழ்களின் நகலும் அங்கே இருக்கிறது: 'சின்னவ மறுபடி தொலைப்பா'.

ஆகவே ஒரு காகிதம் வேண்டுமென்றால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யோசித்துப் பயனில்லை. அதை ஏற்றிய அன்று அவள் எப்படி இருந்தாள் என்று யோசிக்க வேண்டும். 'கோவம்' என்று தட்டுவார். எதுவும் கிடைக்கவில்லை என்று வரும். "கோவம் இல்லியா? அப்ப அலுப்பா?" அதுவும் இல்லை. "ஓ, எங்கம்மா வந்திருந்தாங்களோ?" 'மாமியார்' என்று போட்டால் திரை நிரம்பிவிடும். வேண்டியது அதில் இருந்தால் ஒரே சிரிப்பு. "பாத்தியா உங்க அக்காவ! அன்னிக்கு எங்கம்மா முன்னாடி வாயே திறக்கல. இங்க வந்து எழுதி வச்சிருக்கா!" பிறகு அன்றைக்கு நடந்த கதையை முழுக்கச் சொல்வார். ஒரு ரசீதுக்கு ஒரு மாலை சரியாகப் போகும். நான் கைப்பையை எடுத்தால், "இன்னொண்ணு தேடணும்மா, இருந்துட்டுப் போயேன்" என்பார்.

வினை கிளினிக் ரூபத்தில் வந்தது. மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் பழைய சர்வீஸ் அறிக்கையை டாக்டர் மின்னஞ்சலில் கேட்டார். அத்தான் தேடிப்பிடித்து, அப்படியே அனுப்பிவிட்டார். சற்று நேரத்தில் போன் வந்தது. கையில் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ரிப்போர்ட் வந்துது. மேல 'சிரிக்காத டாக்டர்'னு போட்டிருக்கு. யாருங்க அது?"

அத்தான் விறைத்து நின்றார். "சார், அது... என் சம்சாரம் வச்ச பேரு சார். தப்பா எடுத்துக்காதீங்க."

"போன்ல பேசுவாங்களே, அவங்களா? அவங்ககிட்ட குடுங்க."

"அவ இல்ல சார். போன மழைக்கு... தவறிட்டா."

டாக்டர் தணிந்த குரலில், "எனக்கு முன்பல்லு ரெண்டு இல்லீங்க. கட்டணும் கட்டணும்னு பாக்கறேன். அதான் சிரிக்கறதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அத்தான் காலி நாற்காலிப் பக்கம் திரும்பி, "கேட்டியா? பல்லு இல்லியாம்" என்றார்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வரவில்லை. "டாக்டர் சரின்னு விட்டாரு. நாளைக்கு பேக்கரிக்காரங்களுக்கு, அம்மா அவங்களுக்கு வச்ச பேரோட ஃபைல் போச்சுன்னா? தொழில் என்னாகும்ப்பா?" அடுத்த விடுமுறைக்குப் புதுக் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாள். இதிலுள்ள தேடல், ஸ்கேன் செய்த காகிதத்துக்குள் இருப்பதையும் படிக்கும். 'கிளினிக்' என்று அவள் தட்டி முடிப்பதற்குள் கிளினிக் காகிதங்கள் எல்லாம் வந்து வரிசையில் நின்றன. "இவ்வளவுதாம்ப்பா!" என்றாள்.

"பரவால்லியே" என்றார் அத்தான்.

"பேரையும் ஒழுங்கா மாத்திடறேன். ஒரே மூச்சுல ஆயிடும்."

"பேரு அதுபாட்டுக்கு இருக்கட்டுமேம்மா."

"எதுக்குப்பா? இனிமே பேரை வச்சுத் தேடவே வேண்டாமே!"

"அதாம்மா" என்றார். கிரீஸ் துடைக்கும் துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, நீங்களாவது சொல்லுங்களேன்" என்று என் பக்கம் திரும்பினாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவள் கோப்புகளை அகரவரிசையில் அடுக்கி, முதலில் வந்ததைத் திறந்தாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழ். பெயர், 'அப்பனை உரிச்சு வச்ச மூக்கு'. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வெளிய அனுப்பும்போது மட்டுமாவது மாத்தி அனுப்புங்கப்பா" என்று மூடிவைத்தாள்.

பெயர்கள் தப்பித்தன. ஆனால் அந்த வெள்ளைப் பெட்டி புதுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. இப்போது எதைக் கேட்டாலும் கேட்ட மாத்திரத்தில் வந்துவிடுகிறது. அவள் கோபமாக இருந்தாளா, அலுப்பாக இருந்தாளா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. "வேலை சுலபமாயிடுச்சும்மா" என்கிறார் அத்தான், வாடிக்கையாளர் கைமாறிப்போனதைச் சொல்லும் குரலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேட வேண்டியதை எல்லாம் காபி ஆறுவதற்குள் தேடி முடித்துவிட்டார். மீதிப் பொழுதுக்கு இருவரும் ஃபிரிட்ஜ் ஓடுவதையும் நிற்பதையும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

போன வாரம் நான் போனபோது வண்டியின் பழைய இன்சூரன்ஸ் வேண்டியிருந்தது. நடுவிரலால் 'வண்டி இன்சூரன்ஸ்' என்று குத்தினார். குத்திய வேகத்தில் இடது உள்ளங்கையைத் திரைமேல் வைத்து, பெயர் வரும் இடத்தை மறைத்துக்கொண்டார்.

"இரு, இரு. நீ பாத்துட்டியா? பாத்திருந்தா சொல்லாத."

"பாக்கல அத்தான்."

"வண்டின்னு வச்சிருக்கமாட்டா. அது நான் கீழ விழுந்துட்டு வந்த வாரம். முட்டியில கட்டுப் போட்டுக்கிட்டே திட்டினா..." கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "'சொன்னா கேக்காத மனுஷன்'. அதான். இல்லன்னா, 'நல்லா வேணும்'."

சுண்டுவிரலை மட்டும் மெல்லத் தூக்கினார். முதல் எழுத்து தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று விரலைத் திரையோடு சேர்த்து அழுத்தி, மறுபடி மூடிக்கொண்டார்.