ரக்பி மைதானத்துக்கு ஒரு கதவு

ரக்பி கோச் வேலையில் கையில் பந்து இருக்கும் நேரத்தைவிட, யார் முன்னாலாவது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நேரம்தான் அதிகம். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லித்தருகிறேன். நீங்கள் பட்டதில் பாதியாவது நானும் பட்டிருப்பேன்.

சேலை மறைப்பு

எங்கள் மைதானம் ஏரிக்கரையை ஒட்டிய பொட்டல். யூனிபார்மிலிருந்து ஜெர்சிக்கு மாற, இரண்டு பிள்ளைகள் பழைய சேலையை விரித்துப் பிடிப்பார்கள். ஒருத்தி பின்னால் நின்று மாற்றுவாள். ஒரு சாயங்காலம் கரைமேல் ஒரு பைக் வந்து நின்றது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சேலை எதையும் மறைக்காது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் போனை எங்கள் பக்கம் நீட்டினான். நான் கத்திக்கொண்டே கரையேறுவதற்குள் வண்டி பறந்துவிட்டது. படம் எடுத்தானா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

அப்போது சேலைக்குப் பின்னால் இருந்தவள் எங்கள் கேப்டன் தேவி. பந்தோடு ஓடி வருகிறவளை இடுப்போடு பிடித்துச் சாய்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதற்கப்புறம் அவள் பிராக்டீஸுக்கே வரவில்லை. வகுப்புக்குப் போய்க் கூப்பிட்டேன். தலை நிமிராமல் சொன்னாள்:

"ஆள சாய்க்க பயம் இல்ல டீச்சர். துணி மாத்தத்தான் பயமா கீது."

மில்காரரின் சந்தேகம்

சின்னதாக ஒரு ரூம், உள்பக்கம் தாப்பாள் போட்ட கதவு. இதற்காக நன்கொடை கேட்டுக் கிளம்பினேன். துணைக்குக் கணக்கு டீச்சர் கலா வந்தார். நெல் வியாபாரத்தில் பெரிய கை ஒருவர், அரிசி மில் முதலாளி, மனசு வைத்தால் முழு ரூமையும் கட்டித் தருவார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூட்டைகளுக்கு நடுவே வெகுநேரம் நிற்கவைத்தார். கடைசியில், ஒரு மேட்ச் நடத்திக் காட்டச் சொன்னார். பிடித்திருந்தால் ரூம் அவர் பொறுப்பு. நான் மேஜைமேல் வைத்த, முட்டை வடிவ ரக்பி பந்தை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். அது கோணலாக ஓடிக் கீழே விழுந்தது.

"மொதல்ல பந்த உருண்டையா வாங்குங்க டீச்சர். ரூம அப்பால பாத்துக்கலாம்."

ஐந்து நிமிஷம் போதும் என்றார்கள்

ரூம் கட்டப்போகிறோம் என்று சொல்லித்தான் தேவியை மறுபடி அழைத்து வந்தேன். மேட்ச் அன்று மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். மில்காரர் காரில் வந்து, அவருக்காகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். தேவி இரண்டு பேரைச் சாய்த்ததுமே கைதட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு ரூமின் சுவரே கண்ணில் தெரிந்தது.

மூன்றாவது ஆளைப் பிடிக்கப் போனபோது எதிராளியின் முழங்கால் தேவியின் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தவள் உடனே எழுந்துவிட்டாள். கூட்டம் விசிலடித்தது. ஆனால் எழுந்தவள் எதிர் அணிக்காரிகளோடு போய் நின்றாள். ஓடிப்போய், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள்; பதில் வரவில்லை. கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். தலையில் அடிபட்டவளை அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது.

மில்காரரின் ஆள் வந்தார். முதலாளி அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார், ஐந்து நிமிஷம் இறக்குங்கள் என்றார். முடியாது என்றேன். மறுபடி வந்தார். தேவியே என் கையை உதறி, தனக்கு ஒன்றுமில்லை என்று அழுதாள். நான் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினேன். மில்காரர் எழுந்து காரில் ஏறினார். வண்டி கரையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்த கலா டீச்சர் மெதுவாகச் சொன்னார்:

"ரூம் போச்சு டீச்சர். நீங்க ஆட்டோவுல ஏறுங்க."

ஆஸ்பத்திரி வராந்தா

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தேவி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஸ்கேன் ரூமுக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்; நான் வராந்தாவில் நின்றேன். அவள் அம்மா அஞ்சலை நடவிலிருந்து நேராக பஸ் ஏறி வந்தாள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. இத்தோடு ஆட்டம் போதும் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் ஸ்கேன் ரூம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரத்தக்கசிவு இல்லை, சில வாரம் விளையாடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மில்லுகாரரு ஆட்டத்துல வுடச் சொன்னாராம், நீங்க வுடலியாமே. நீங்க இருக்கசொல்ல ஆடட்டும்."

விருது கேட்ட கேள்வி

காஞ்சிபுரத்தில் சில விளையாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து வருஷாவருஷம் ஒரு ரக்பி மாணவிக்கு விருது தருகிறார்கள். வாங்குகிறவளின் கல்லூரி ஹாஸ்டல் செலவை அவர்களே ஏற்பார்கள். தேவிக்கு மேலே படிக்க வேறு வழி இல்லை. ஆனால் ஓய்வில் இருந்ததால் மாவட்ட அணித் தேர்வுக்கு அவள் போகவில்லை. தேர்வுக்கே வராதவளுக்கு எதற்கு விருது என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், விண்ணப்பத்தில் அன்றைய மேட்ச் கதையைப் படித்திருந்த கமிட்டிப் பெண்மணி ஒருவர் தேவியிடமே கேட்டார்: மறுபடி உங்கள் டீச்சர் பாதியில் வெளியே கூப்பிட்டால் என்ன செய்வாய்?

தேவி யோசித்தாள்.

"கோவம் வரும் மேடம். ஆனா வெளிய வந்துருவேன்."

விருது அவளுக்குத்தான் கிடைத்தது.

தாப்பாள் சோதனை

மில்காரர் திரும்பி வரவேயில்லை. ஆனால் அன்று மேட்ச் பார்த்தவர்கள் மூலம் ஒரு லோடு செங்கல் வந்தது, மணல் வந்தது. அஞ்சலை கட்டட வேலைக்கும் போகிறவள். தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு லீவு நாட்களில் வந்து சுவர் எழுப்பினாள். கூரைக்கு இப்போதைக்குத் தார்ப்பாய்தான்.

திறந்து வைக்கிற அன்று ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே தேவி உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தலைமையாசிரியை கத்தரிக்கோலோடு வெளியே நின்றார். சத்தமே இல்லை. மறுபடி தலை சுற்றி விழுந்துவிட்டாளோ என்று நான் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து குரல் வந்தது:

"தட்டாதீங்க டீச்சர். எல்லாரும் சேந்து தள்ளுங்க, தாப்பா தாங்குதா பாக்கணும்."

இந்த வேலையில் சேர்ந்தபோது தடிமனாக ஒரு விதிமுறைப் புத்தகம் கொடுத்தார்கள்; அதில் தாப்பாளைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.