பவளப்பாறை மேல் போட்ட குலவை

முருகன் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். அனுபவம் சொல்ல வருகிறவர்கள் கண்ணீரோடு ஆரம்பிப்பார்கள். எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

என் கணவர் வங்காளத்துக் கிடர்பூர் துறைமுகத்தில், கப்பல் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கப்பல் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஆற்றில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் பொறுத்தது. அந்த நேரங்களை அச்சடித்த சின்ன அட்டவணைப் புத்தகம் எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும். சாமியைப் பார்க்காமல் வேலைக்குப் போன நாள் உண்டு, அதைப் பார்க்காமல் போனதில்லை. இத்தனைக்கும் ஒரு நாள்கூட அவர் படகு ஓட்டியதில்லை. ஓட்டியதெல்லாம் பேப்பர்தான்.

ரிட்டயர் ஆனதும் அந்தமானுக்குக் கிளம்பினோம். எல்லோரும் போகும் பெரிய படகு அவருக்குப் பிடிக்கவில்லை. தனிப் படகு எடுத்து நாலு நாள் தீவு தீவாகப் போவது என்று முடிவு செய்தார். செல்வம் என்று ஒரு படகோட்டி அமைந்தார். ராமநாதபுரத்திலிருந்து அங்கே போய்க் குடியேறிய குடும்பம். முதல் இரண்டு நாள் நன்றாகவே போனது, பொய் சொல்லக் கூடாது. அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் தை மாதச் செவ்வாய்க்கிழமை. நான் விரதம். மத்தியானம் ஒரு சின்னத் தீவுக்குள் நுழைய வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார்.

"வேணாம் சார். தண்ணி இறங்குற நேரம். அடியில பாறை இருக்கு, தட்டிரும்" என்றார் செல்வம்.

இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அதே அட்டவணை! கிடர்பூர் அட்டவணை! "ரெண்டரைக்குத்தான் ஃபுல் டைட். இன்னும் ஏறும்ப்பா. முப்பத்திரண்டு வருஷமா இதப் பாத்துதான் சாப்பிட்டிருக்கேன்" என்றார்.

"அது நம்ம ஊர் ஆத்துக்குங்க. இங்க இருக்கறவர் சொல்றாரே, கேளுங்களேன்" என்றேன்.

"நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன். அதற்கு என் மேலேயே எனக்குக் கோபம். தெரிந்தும் தலையாட்டிய செல்வத்தின் மேலும் கோபம்.

கால் மணி நேரத்தில் படகு பவளப்பாறையில் ஏறி உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் நாங்கள் பார்க்கப் பார்க்க இறங்கியது. இவர் வீரமாகக் குதித்துத் தள்ளப் போனார். பாறை கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற மனிதர் அவர். என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன், நனைந்தது. துண்டைக் கட்டினேன், அதுவும் நனைந்தது. படகு மறுபடி மிதக்க ஐந்து மணி நேரமாவது ஆகும் என்றார் செல்வம். போனில் சிக்னல் இல்லை. படகு ரேடியோவுக்கு உயிரே இல்லை. தூரத்தில் கரையில் இரண்டு தகரக் கூரைகள் தெரிந்தன. செல்வமும் நானும் தொண்டை கிழியக் கத்தினோம். யாரும் வரவில்லை. இவர் முகம் வெளுத்து, பேச்சு குழற ஆரம்பித்தது.

அப்போது நான் செய்தது பிரார்த்தனை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சண்டை போட்டேன். "ஏன்டா முருகா, உனக்குக் கண் அவிஞ்சு போச்சா? இருபது வருஷமா செவ்வாய்க்கிழமை பட்டினி கிடக்கறேனே, எதுக்கு? இவரை எடுத்துக்கிட்டேன்னா உன் முகத்துல முழிக்க மாட்டேன். வா! இப்பவே வா!" என்று வானத்தைப் பார்த்துத் திட்டினேன். கத்திக் கத்திக் குரல் நின்றது. மறுபடி வாயைத் திறந்தேன். வந்தது குலவை.

நான் இங்கே வங்காளத்திலேயே, சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். குலவை போடத் தெரியாது. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணிமார் பூஜைக்குப் பூஜை 'உலு' என்று அவர்கள் குலவையைப் போடும்போது நானும் முயன்று, அவர்கள் சிரித்து, விட்டுவிட்டேன். அன்றைக்கு நாக்கு தானாகச் சுழன்றது. மூச்சு முட்ட முட்ட, நிறுத்தாமல் போட்டேன்.

கரையில் ஒரு பெண் ஓடி வந்தாள். ஒரு சின்னத் தட்டைப் படகைத் தள்ளிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் எங்களிடம் வந்து சேர்ந்தாள். "கீ ஹொயேச்சே, திதி?" வங்காளி! என்ன ஆச்சு அக்கா என்கிறாள். இவர் காலைக் காட்டினேன். இவரை அந்தத் தட்டைப் படகில் படுக்க வைத்துக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவள் வீட்டில் பெரிய இஞ்சின் படகு இருந்தது. ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

அவளிடம் பிறகு கேட்டேன், நாங்கள் அவ்வளவு கத்தினோமே, காதில் விழவில்லையா என்று. "விழுந்தது. டூரிஸ்டுகள் தினமும் கத்துவார்கள், யார் திரும்பிப் பார்ப்பது? ஆனால் பூஜை இல்லை, கல்யாணம் இல்லை, கடலிலிருந்து உலு கேட்டால்? பூமி ஆடினால்தான் நாங்கள் அப்படி விடாமல் போடுவோம். பயந்து வெளியே ஓடி வந்தேன்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தேன். இன்றுவரை வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். விரதத்தையும் அபிஷேகத்தையும் கொடுத்துவிட்டு மனக்குறையை மட்டும் அவனிடமிருந்து மறைக்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள். நான் திட்டித்தான் கூப்பிட்டேன், வந்தான். அந்த நன்றிக்கடனை நான் எப்படித் தீர்ப்பேன்?

அட்டவணையைக் கழற்றியாகிவிட்டது. போன மாதம் கங்கையைக் கடக்கப் படகுத்துறைக்குப் போனோம். இவர் ஊன்றுகோலோடு நின்று, கயிறு பிடிக்கிற ஆளிடம், அண்ணனைக் கூப்பிடுவது போல, "தாதா, தண்ணி ஏறுதா இறங்குதா?" என்று வங்காளத்தில் கேட்டார். தன் சொந்த ஆற்றில், முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, முதல் முறையாகக் கேட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, முருகா, முருகா என்று அழுதேன்.