ஷூக்கடைக்காரியின் வகுப்பு

வயிறு எரியுதான்னு கேட்டா, எரியுது. மறைச்சு என்ன ஆகப்போகுது? பதினெட்டு வருஷமா அஞ்சாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான்தான் டீச்சர். சுவருக்கு அந்தப் பக்கம் 'ஏ' பிரிவு, அதுக்கு அவ. வந்து மூணு வருஷம்தான் ஆகுது, அதுக்குள்ள ஸ்கூலே அவளைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது. போதாக்குறைக்கு என் ஒரே பொண்ணும் அவ வகுப்புல. டீச்சர் பிள்ளை அம்மா வகுப்புல உட்காரக் கூடாதுன்னு ஒரு விதி. எந்தப் புண்ணியவான் போட்டானோ!

அவ கதையையும் சொல்லிடறேன். அப்பா பஸ் டிரைவர். பள்ளிக்கூடம் முடிச்ச கையோட ஒரு ஷூக்கடையில வேலைக்குச் சேர்ந்து, பதினஞ்சு வருஷம் பிள்ளைங்க கால்ல அளவு எடுத்தவ. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அட்டைப்பெட்டிக்கு நடுவுல உட்கார்ந்து படிச்சு, முப்பத்தஞ்சு வயசுல டீச்சர் ஆனா. பாராட்ட வேண்டிய விஷயம்தான். நான் பாராட்டல. என்னைவிட ரெண்டே வயசு சின்னவ, வாய் நிறைய 'அக்கா'ம்பா. அதுவே எனக்குக் கடுப்பு.

கடைப் பழக்கம் அவளை இன்னும் விடல. எந்தப் பிள்ளைகிட்டப் பேசணும்னாலும் முட்டி போட்டுடுவா. குளிர் முடிஞ்சு மரமெல்லாம் துளிர் விட்டா போதும், "கால் வளர்ந்திருக்கும், பழைய ஷூ பத்தாது. படிக்கறதும் அப்படித்தான்"னு சொல்லி, வராந்தா பெஞ்சுல புத்தகத்தை வரிசையா அடுக்கிடுவா. பிடிச்சதை எடுக்கணும், மூணு பக்கம் படிக்கணும், ஒரு நடை நடந்துட்டு வந்து ஸ்டூல்ல உட்காரணும். பிள்ளை முன்னால இவ முட்டி போட்டு, "எங்க கடிக்குது?"ன்னு கேட்பா. எழுத்து பொடியா இருக்கு, ஆரம்பமே இழுவையா இருக்கு, என்ன சொன்னாலும் சரி. "அப்ப கழட்டிடு, வேற போட்டுப் பாரு"ம்பா. முதல் வருஷக் கடைசியிலேயே அவ வகுப்புப் பிள்ளைங்க படிச்ச புத்தகத்தை வைக்க அலமாரி பத்தல.

போன வருஷம் நானும் செஞ்சு பார்த்தேன், ஒத்துக்கறேன். பத்தே நிமிஷத்துல எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு மைதானத்துக்கு ஓடிட்டாங்க. ஒரு வாலு புத்தகத்து மேலயே ஏறி நின்னு, "சரியா இருக்கு டீச்சர்"ங்கறான்!

வீட்லயாவது நிம்மதி உண்டா? சாப்பிட உட்கார்ந்தா "எங்க மிஸ்", பல் தேய்ச்சா "எங்க மிஸ்". முன்னெல்லாம் தினமும் எனக்குப் படிச்சுக் காட்டின பொண்ணு, ஆறு மாசமா "தூக்கம் வருதும்மா"ன்னு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கறா. பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்த கப்பல் கதையில, அடையாளத்துக்கு வெச்ச ரிப்பன் பன்னெண்டாம் பக்கத்தை விட்டு நகரல. எனக்கு என் பொண்ணு வேணும், அவ்வளவுதான். அவளைப் பறிச்சுக்கிட்டது இந்த ஷூக்கடைக்காரிதான்னு முடிவு பண்ணிட்டேன்.

உட்கார்ந்து ஒரு புகார் எழுதினேன். 'ஏ' பிரிவுப் பிள்ளைங்க எதையும் பாதியில விடக் கத்துக்கறாங்க, இதை உடனே நிறுத்தணும்னு. ஹெட்மாஸ்டர் படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டினார்.

"கையெழுத்து இல்லையே டீச்சர்?"

"இதோ போடறேன் சார்."

"ஒரு தடவை நேர்ல பார்த்துட்டுப் போடுங்களேன்."

போனேன். வராந்தாத் தூணுக்குப் பின்னால நின்னேன். ஸ்டூல்ல என் பொண்ணு. மடியில அதே கப்பல் புத்தகம். அடிப்பாவி, நான் ஆசையா வாங்கித் தந்ததையும் கழட்டச் சொல்லப்போறியான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

"எங்க கடிக்குது?"ன்னு அவ கேட்டா.

"எங்கயும் இல்ல மிஸ். சூப்பரா இருக்கு."

"அப்புறம் ஏன் பன்னெண்டுலயே நிக்குது?"

பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "இதை அம்மாவுக்குத்தான் படிச்சுக் காட்டணும். ஒரு வார்த்தை தப்பாயிட்டா உடனே திருத்துவாங்க. மறுபடி முதல்லேருந்து படிக்கச் சொல்வாங்க. கப்பல் கிளம்பவே மாட்டேங்குது மிஸ்."

அவ என் பொண்ணு முட்டியில கை வெச்சு, "அம்மாவுக்கு உன் மேல உசிரு. சொல்லிப் பாரு, கேட்பாங்க"ன்னா. அதையும் இவதான் சொல்லணுமா?

காகிதத்துல கையெழுத்துப் போடல. மனசு திருந்திட்டேன்னு நினைக்காதீங்க, அவ மேல இருந்த எரிச்சல் துளி குறையல. கைதான் வரல.

சாயங்காலம் பொண்ணு நாற்காலியில உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டிருந்தா. நேராப் போய் அவ முன்னால முட்டி போட்டேன். ரெண்டு முட்டியும் மடக்குன்னுச்சு.

"என்னம்மா, ஏதாவது கீழ விழுந்துடுச்சா?"

"இல்லடி. கப்பல் கதையைப் படி, கேட்கறேன்."

"திருத்த மாட்டியே?"

"மாட்டேன்."

பன்னெண்டாம் பக்கத்துலயே ரெண்டு தப்பு. எண்ணினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். ஒவ்வொரு வரி முடிஞ்சதும் பொண்ணு நிமிர்ந்து என் மூஞ்சியைப் பார்த்தா. பதிமூணாம் பக்கம் வந்ததும் பார்க்கறதை விட்டுட்டா.