தனி ஊசலும் இருபது படிப் பொரியும்

பதினோராம் வகுப்பு படிக்கும்போது புவியீர்ப்பு முடுக்கம் பத்து புள்ளி எட்டு என்று நான் கண்டுபிடித்தேன். உலகம் முழுக்க அது ஒன்பது புள்ளி எட்டு. குன்னூரில், எங்கள் பள்ளி ஆய்வகத்தின் மூன்றாவது மேசையில் மட்டும் பத்து புள்ளி எட்டு. ஒரு தடவை வந்திருந்தால் கை தவறிவிட்டது என்று விட்டிருப்பேன். மூன்று தடவை செய்தும் அதே எண்தான் வந்து நின்றது.

தனி ஊசல் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு தாங்கி, ஒரு மீட்டர் நூல், நூல் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. லேசாக இழுத்து விட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். ஒரு தரம் முழுசாகப் போய்த் திரும்பினால் ஓர் அலைவு. இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று பார்த்துக் கணக்குப் போட்டால், பூமி நம்மை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது தெரிந்துவிடும். மற்ற பிள்ளைகள் புத்திசாலிகள். விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்குத் தோதான நொடிகளைப் பிறகு போட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. வீம்பு மட்டும் நிறைய இருந்தது.

பிசிக்ஸ் டீச்சர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "மலைமேல வந்தா இது ஒரு இணுக்குக் குறையத்தான் செய்யணும். உனக்கு மட்டும் எப்படிடி ஏறுது? எங்க, என் முன்னால எண்ணு பார்ப்போம்" என்றார். குண்டை இழுத்து விட்டேன். அது நடுக்கோட்டைக் கடந்ததும் வாட்சை அமுக்கி, "லாபம்" என்றேன். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், கீழ் பஜாரில் பொரிகடலைக் கடை. மற்றதெல்லாம் தராசுக்கு மாறிய பிறகும் பொரியை மட்டும் படியால்தான் அளப்பார்கள். முதல் படிக்கு ஒண்ணு என்று சொல்லும் வழக்கம் இல்லை, லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு. பள்ளிக்கூடம் போகும் முன்பே அத்தாவின் மடியில் உட்கார்ந்து அப்படித்தான் எண்ணப் பழகினேன். பிள்ளைகள் சிரிக்கும்வரை அதில் சிரிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

டீச்சர் சிரிக்கவில்லை. "லாபம்னு சொல்லு, ஒண்ணுன்னு சொல்லு, அது உன் இஷ்டம். ஆனா குண்டு இன்னும் ஒரு தரம்கூடப் போய்ட்டு வரலையே, அதுக்குள்ள ஏன் எண்ணினே? நீ இருபதுன்னு நிறுத்தறப்ப பத்தொன்பதுதான் ஆகியிருக்கு. தொடங்கறப்ப பூஜ்யம்னு ஆரம்பி" என்றார். ஆரம்பித்தேன். ஒன்பது புள்ளி எட்டு சமர்த்தாக வந்தது. நோட்டில் சிவப்பு மையில் கையெழுத்தும் விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். இருபது என்று சொல்கிறோம், பத்தொன்பதுதான் ஆகியிருக்கிறது. அப்படியானால் அத்தா? லாபம் என்று ஆரம்பித்து இருபது என்று முடிக்கும் அத்தா இத்தனை வருஷமாக ஊருக்கு எத்தனை படி போட்டிருக்கிறார்?

அளவையில் குறைப்பவர்களுக்கு மறுமையில் என்ன நடக்கும் என்று மதரஸாவில் ஓதிக்கொடுத்த ஆலிம்சா ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோது நான் யார் யாரையோ நினைத்துப் பயந்தேனே தவிர, எங்கள் வீட்டை நினைக்கவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் இருப்பது யாருக்கோ போய்ச் சேராத படி என்று தோன்றியது. உடம்பு சரியில்லையா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் கடைக்கே போனேன். மூட்டைகளுக்கு நடுவில் புத்தகத்தை விரித்துக்கொண்டு அத்தாவின் கையையே பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவர் கை அத்தனை வேகம். எண்ணிக்கையோ உதட்டுக்குள் முணுமுணுப்பு. லாபம் என்னும்போது படி கையில் இருப்பதுபோலும் தெரிந்தது, கவிழ்ந்துவிட்டதுபோலும் தெரிந்தது. பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன்.

"அத்தா, லாபம்னு சொல்றப்ப படி விழுந்திருக்குமா, இனிமேத்தான் விழுமா?"

"ஏன் கண்ணு, பரீட்சைக்கு வருதா?"

"ம்."

அவர் படியைக் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். "கவனிச்சதில்லையே" என்றார்.

விழுந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன். கவனிக்காமலே ஒருவர் பாவம் செய்ய முடியுமா, செய்தால் அது எழுதப்படுமா என்றெல்லாம் எனக்குள் ஓடியது. டீச்சரிடம் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். அத்தாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமே என்று அதையும் விட்டேன்.

அந்த வாரம் ஆயுத பூஜை. பொரிக்கடைக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம். எஸ்டேட் பேக்டரிக்காக அதன் லாரி டிரைவர் வந்து இருபது படி கேட்டார். சரியாக இருபது. அத்தா முணுமுணுவென்று அளந்து போட்டு, சாக்கின் வாயைக் கட்டி, டிரைவரின் தோளில் ஏற்றிவிடப் போனார். அது இந்த வாசலைத் தாண்டினால் அப்புறம் திருத்தவே முடியாது என்று மட்டும் தெரிந்தது.

"அண்ணா, நில்லுங்க. அதை மறுபடி அளக்கணும்" என்றேன்.

டிரைவர் சிலோனிலிருந்து வந்த குடும்பத்துக்காரர், நிதானமான மனுஷர். "என்னா தங்கச்சி, பாய் அளந்தா சரியாத்தானே இருக்கும்?" என்றார். கடையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தா என்னைப் பார்த்தார். அப்புறம் அவரே சாக்கின் கட்டை அவிழ்த்தார். "அளக்கட்டும் விடுங்க" என்றார்.

விரித்த தார்ப்பாயில் சாக்கைக் கொட்டினேன். காலிப் படியைத் தூக்கிப் பிடித்து, பூஜ்யம் என்றேன். பிறகு ஒவ்வொரு படியாக மொண்டு, பள்ளிக்கூட ஸ்கேலால் தலை தட்டி, சாக்கில் கவிழ்த்த பிறகே எண்ணினேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. தார்ப்பாயில் இன்னும் பொரி கிடந்தது. இருபதும் ஆயிற்று. இன்னும் கிடந்தது. இருபத்தொன்று ஆகியும் இரண்டு கை மிச்சம். அத்தா எப்போதும் குவித்துத்தான் அளப்பார், தலை தட்ட மாட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கூடத்தான் இருக்கு அத்தா, கூடத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். டிரைவர், "பாய், இனிமே அளவு பார்க்க வெளி ஆபீசருங்க வேணாம், ஊட்டுலேயே ஒரு ஆபீசர் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அத்தா சத்தமாக எண்ண ஆரம்பித்தார். படியைக் கவிழ்ப்பார், கடைசிப் பொரி விழும்வரை நிறுத்துவார், அதன்பின்தான் லாபம் என்பார். கடை முழுக்கக் கேட்கும். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மழைச் சத்தத்துக்காகத்தான் கத்துகிறார் என்று எண்ணிக்கொண்டேன். மழை விட்டு, பனி இறங்கி, பஜாரே ஓசையில்லாமல் கிடந்தபோதும் அவர் அப்படித்தான் எண்ணினார். நான் இல்லாதபோது பழையபடி உதட்டுக்குள்ளேதான் எண்ணுவார் என்று பல வருஷம் கழித்துப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

ஒவ்வொரு தடவையும் எண்ணி முடித்ததும் அத்தா நான் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் குனிந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். அவர் என்னிடம் ஏதோ கேட்கிறார் என்பதும், நான் தலையையாவது ஆட்டியிருக்க வேண்டும் என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.