இருவரும் பார்த்தால்தான் கணக்கு

என் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பத்தோரு வருஷம் கண்ணாடி தேய்த்தவன். அடுத்தவர் கண் பவரில் அரைப் புள்ளி கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடுவான். பெண்டாட்டி கண்ணுக்கு மட்டும் அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. அவனுக்கு அக்கா என்பதற்காக நான் பூசி மெழுகப் போவதில்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. நீராவிக்குள் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டு போச்சு. பிள்ளை குட்டி கிடையாது. ரெண்டு பேருக்கும் ஒரே வருஷம் ஓய்வு வந்தது. "இத்தனை நாள் உன்னை எங்கேயும் கூட்டிட்டுப் போகலை. இனி ஒரு வருஷம் ஊர் ஊராச் சுத்துவோம்" என்று அவன் சொன்னானாம். அவள் என்னிடம் வந்து சொன்னபோது பார்க்கணுமே, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பேர் கொடுத்த பிள்ளை மாதிரி நின்றாள்.

கிளம்பின பிறகுதான் சங்கதி தெரிந்தது. பறவை பார்க்கிறவர்கள் சங்கத்தில் அவன் சேர்ந்திருக்கிறான். அங்கே புருஷன் பெண்டாட்டிக்கென்று ஒரு போட்டி. வருஷம் முழுக்கப் பார்த்த பறவையையும் விலங்கையும் நோட்டில் எழுத வேண்டும். இருவரும் பார்த்தால்தான் கணக்கு. கடைசியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பைனாகுலர் ஒன்றுதான். அதில் வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்குமாம், அவரவர் கண்ணுக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ள. அவன் தன் கண்ணுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, "அதுல கை வைக்காதே, செட் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டான். அவள் கண்ணில் வைத்தால் ஒரே வெள்ளை மூட்டம்.

"பார்த்தியா? அந்தக் கிளையில, பார்த்தியா?"

"பார்த்தேங்க."

அவன் முகம் மலர்ந்துவிட்டதாம். அந்த முகத்துக்காக மறுபடி மறுபடி 'பார்த்தேன்' என்றே சொன்னாள். மலை, கடற்கரை, சேறு, காடு, ஒன்று விடவில்லை. ஈரம் காயாத விடுதி மெத்தையில் படுத்து, அட்டைக்கடி வாங்கி, மடக்கு நாற்காலியும் பிளாஸ்கும் இவள் தூக்கி, பதினோரு மாசம்.

"அண்ணி, இந்த வாரம் அஞ்சு பறவை பார்த்தேன். அஞ்சும் ஆஸ்பத்திரி நீராவி மாதிரியே இருந்துச்சு" என்பாள் போனில். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

"அவன்கிட்ட சொல்லித் தொலையேன்டி."

"சொன்னா நோட்டுல அடிக்கணும் அண்ணி. முகம் சுண்டிப் போயிடும்."

நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அது என் தப்பு.

பன்னிரண்டாம் மாசம் ஒரு ஏரிக்குப் போனார்கள். கரையில், பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கப் பலகையால் ஒரு மறைவுக் குடிசை. உள்ளே மூச்சுவிடக்கூடாது, பேசக்கூடாது. இவளுக்குக் கால் கடுத்தது. வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தாள். பத்தடி தள்ளித் தண்ணீரிலிருந்து ஒரு தலை எழும்பியது. பிறகு இன்னும் மூன்று. நீர்நாய்கள்! பெரியது ஒன்று மீனைக் கையில் பிடித்து, நாம் மொறுமொறு ரொட்டியைக் கடிக்கிற மாதிரி கடித்ததாம். குட்டி அதைப் பிடுங்க, பெரியது அதன் தலையில் ஒரு தட்டுத் தட்ட, குட்டி கத்த. கண்ணாடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வெறுங்கண்ணால் மீசை வரைக்கும் பார்த்தாள்.

கூப்பிட்டால் ஓடிவிடும். மெல்ல எழுந்து போய்க் குடிசைக் கதவைத் தட்டினாள். அவன் திரும்பாமலே, போ போ என்று கையை ஆட்டினான். ரெண்டாவது தரமும் ஆட்டினான். அவன் வெளியே வந்தபோது தண்ணீர்தான் இருந்தது.

"நாய் ஏதாவது நீந்தியிருக்கும்" என்றான்.

ஏரிக் காவலாளியே சொன்னார்: "இல்லைங்க, இங்க ஒரு குடும்பம் இருக்கு. அம்மா குடுத்துவச்சவங்க. நானே ஆறு மாசத்துல ஒரு தடவைதான் பார்த்தேன்."

"இருக்கலாம். நான் பார்க்கலையே. எழுத முடியாது."

வீட்டுக்கு வந்து, என் எதிரிலேயே சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து வைத்துக் கேட்டாள். "ஒரே ஒரு வரிங்க. நீர்நாய், நாலு. அவ்வளவுதான்."

"விதின்னா விதி. இருநூத்திப் பதினொண்ணு நேர்மையாச் சேர்த்தது. இதுக்காகக் கெடுக்கச் சொல்றியா?"

"அப்போ நான் பார்க்காததையும் அடிங்க."

"எது?"

"இந்தக் கண்ணாடி வழியாப் பார்த்தேன்னு சொன்னது அத்தனையும். எனக்கு ஒண்ணும் தெரியலை. திருப்பிக்கவும் நீங்க விடலை."

கண்ணாடிக் கடைக்காரன் அல்லவா, சொன்ன உடனே புரிந்துவிட்டது. நான் என்ன எதிர்பார்த்தேன்? அந்த வளையத்தைத் திருப்பி அவள் கையில் கொடுப்பான் என்றுதான். அவனோ, "வருஷம் முழுக்க என்கிட்ட பொய் சொன்னியா?" என்றான்.

"டேய், வாயில என்னடா வருது?" என்றேன்.

"நீ சும்மா இரு அக்கா. இது உனக்குப் புரியாது."

பேனாவை அவள் பக்கம் தள்ளினான். அவள் பிளாஸ்கைக் கழுவ எழுந்து போய்விட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவள் பேனாவைத் தொடவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சங்கத்துக் கூட்டத்துக்கு மூவரும் போனோம். இருநூற்றுப் பதினொன்று, முதல் பரிசு என்று படித்தார்கள். தலைவர் தாளைத் தூக்கிக் காட்டி, இருவர் கையெழுத்தும் இருக்கிறது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் போடாத கையெழுத்து என்று நான் எழுந்து கத்தப் போனேன். என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "வேணாம் அண்ணி. நாலு பேர் எதிர்ல அவரை அவமானப்படுத்த வேணாம்." மேடைக்கும் போய் நின்றாள், அவனுக்கு ஒரு கை தூரம் தள்ளி. இன்றைக்கும் அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவில்லை. நானாக இருந்தால் மேடையிலேயே வைத்துக் கேட்டிருப்பேன்.

அதற்கப்புறம் அவள் தனியாகப் பஸ் ஏறி அந்த ஏரிக்கு மூன்று தரம் போய்வந்தாள். ஒரு தரம் நானும் கூடப் போனேன். நாள் முழுக்க உட்கார்ந்தோம். தவளை கூட வரவில்லை. திரும்பி வந்ததும் அவன் வாசலுக்கு வந்து, "பார்த்தியா?" என்று கேட்டான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன வாரம், வருகிற வருஷத்துக்கு ரெண்டு பேர் பேரையும் போட்டி நோட்டில் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். புதுசாக இன்னொரு பைனாகுலர் வாங்கப் போகிறானாம், அவள் கண்ணை அளந்து.

"உங்க பேரை மட்டும் வச்சுக்குங்க" என்றாள் அவள்.

அது ஜோடிப் போட்டி, ஒரு பேர் போதாது என்று அவன் இன்னும் என்னிடம் வந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறான். அவனுக்காக நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசப்போவதும் இல்லை.