தறிக்குழி பக்கத்தில் பதினைந்து மூட்டை

என் பெண்ணுக்கு நாலாம் மாசம் நடந்துகொண்டிருந்தபோது சம்பந்தியம்மா போன் பண்ணினார். நல்ல மனுஷிதான். குரலை உயர்த்தியே பேசமாட்டார். அதனால்தான் எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம்.

"தலைப்பிரசவம் அம்மா வீட்லதான், எனக்குத் தெரியாதா சம்பந்தி. ஆனா இப்பவே பொண்ணுக்குக் காலு வீங்குது. கீழ குந்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உங்க வீட்ல கக்கூஸு தோட்டத்துக்கு அந்தாண்ட இருக்குது, மழை பேஞ்சா வழுக்கும். தோதுப்படலன்னா சொல்லிடுங்க, இங்கயே வெச்சிக்கலாம். நான் ஒண்ணும் தப்பா நெனச்சிக்க மாட்டேன்."

தப்பாக நினைக்கமாட்டேன் என்று ஒருத்தர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது. ஒரே பெண். முதல் பிள்ளை. நான் இருக்க, அவள் மாமியார் வீட்டில் பெற்றுக்கொள்வதா?

ஒன்பதாம் மாசம், ஆவணியில் வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பெண்ணை அழைத்து வரவேண்டும். அதற்குள் நடு அறையை ஒட்டி, நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸோடு ஒரு பாத்ரூம் கட்டியாக வேண்டும். ஆடியில் எங்கள் பக்கம் வீட்டு வேலை ஆரம்பிக்கமாட்டார்கள். ஆகவே ஆனி முடிவதற்குள் தொடங்கிவிட வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று எண்ணுவதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது.

என் வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். தெருப்பக்கத்து அறையில் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். நான் பக்கத்தில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே கவலைப்படுவேன். அவர் கேட்டுக்கொண்டே நெய்வார். இருபத்தாறு வருஷமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது.

முதலில் வந்தவர் ஓர் இன்ஜினியர், சின்ன வயசு. போனில் படம் போட்டுக் காட்டினார். எங்கள் வீடுதான், ஆனால் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் ஒரு சிவப்புக் கார் நின்றது.

"கார் யாருதுபா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"சும்மா அழகுக்குப் போட்டது சார்."

"நான் கூட பாத்ரூமோட சேத்துக் குடுப்பீங்கன்னு பாத்தேன்."

படத்தில் தறி இருக்கவேண்டிய இடத்தில் சோபா இருந்தது. குழியை மூடி டைல்ஸ் போட்டுவிட்டால் ஹால் பெரிதாகத் தெரியும் என்றார் அந்தப் பிள்ளை. வீட்டுக்காரர் அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் ஒருத்தரை அனுப்பி வைக்கிற முறை அதுதான்.

அடுத்து வந்தவர் ஃபுல் காண்ட்ராக்ட் எடுப்பவர். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். "அம்மா, சாவியக் குடுத்துட்டு ரெண்டு மாசம் எங்கயாவது போயிட்டு வாங்க. கல்லு, மண்ணு, ஆளு எல்லாம் என் பொறுப்பு. நீங்க எதுக்கும் கவலைப்படக் கூடாது."

கவலைப்படாதே என்று சொன்னால் எனக்கு இரண்டு பங்காக வரும். அவர் மட்டும் எதற்குமே கவலைப்படவில்லை. மழை வந்தால்? பாத்துக்கலாம். ஆள் வராவிட்டால்? பாத்துக்கலாம். பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டால்? அதையும் பாத்துக்கலாமாம். அப்படிப்பட்ட ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் உட்கார்ந்து கவலைப்படுவது?

மூன்றாவது ஆள் மேஸ்திரி. பழைய மொபெட்டில் வந்தார். அளவெடுத்தார், அதிகம் பேசவில்லை. எனக்கு அது பிடித்தது. உடனே, ஏன் பேசவில்லை என்று சந்தேகமும் வந்தது.

"சேலை வாங்கறவங்க என்னா பண்ணுவாங்க?" என்றார் வீட்டுக்காரர். "திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பாக்கறாங்க இல்ல? போய் இவங்க கட்டின வீட்டயும் திருப்பிப் பாரு."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே போனேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் கட்டின வீடு பக்கத்தில் ஓரிக்கையில் இருந்தது. முன்பக்கம் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். பின்சுவரில் பூச்சே இல்லை. தண்ணிக் குழாயை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அந்த வீட்டுக்காரம்மா வெளியே வந்து, "யாரும்மா நீ, அங்க இன்னா பண்ற?" என்று கேட்டார். "செவுரு பாக்கறேங்க" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேஸ்திரி கட்டினது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு சந்துக்குள், யாரும் பார்க்காத பின்சுவர். தடவிப் பார்த்தேன். முன்பக்கம் எப்படியோ பின்பக்கமும் அப்படியே. இவர்தான் என்று முடிவு பண்ணினேன். இன்றைக்கும் சொல்வேன், ஆளைத் தேர்ந்தெடுத்ததில் நான் தப்புப் பண்ணவில்லை. தப்பு அதற்கப்புறம்தான்.

மேஸ்திரி கேட்டார்: "சரக்கு நானே எடுத்துக்கினு வரட்டுமா, நீங்க வாங்கித் தர்றீங்களா? எதுன்னாலும் சரிதாம்மா."

அவர் வாங்கினால் சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயம். வீட்டுக்காரருக்கோ ஒரே சந்தோஷம். "நம்ப தொழில் மாதிரியே இருக்குது பாரு. முதலாளி பட்டும் ஜரிகையும் குடுக்கறாரு, நாம நெய்யறோம். இங்க நாம சிமெண்டு குடுப்போம், மேஸ்திரி கட்டட்டும். பொறந்ததுல இருந்து கூலிக்கு நெய்யறேன், ஒரு வாட்டி நானும் முதலாளியா இருந்து பாக்கறேன்."

"அப்ப ஆனி பொறந்ததும் சொல்றேன், அப்ப சிமெண்டு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மேஸ்திரி.

ஆனி வரைக்கும் நான் பொறுப்பேனா? வைகாசியில் கருட சேவை. தெருவெல்லாம் பந்தல், லாரி உள்ளே வராது. அது முடிந்ததும் கடையில் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டால்? சித்திரையிலேயே பதினைந்து மூட்டை வாங்கி இறக்கிவிட்டேன். கடைக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஈரம் படாம வெச்சிக்கோங்கம்மா."

ஈரம் என்றால் மழைதானே? கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் நான் மழைக்குப் பயந்து, தோட்டத்தில் இறக்கின மூட்டைகளைக் கூலி கொடுத்து உள்ளே கொண்டுவரச் சொன்னேன். வீட்டிலேயே பத்திரமான இடம் எது? தறி இருக்கிற அறைதான். முதலாளி கொடுக்கிற பட்டும் ஜரிகையும் வருஷக்கணக்காக அங்கேதான் இருக்கிறது. ஒரு இழை கெட்டதில்லை. குழிக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி வரிசையாக அடுக்கி, மேலே பழைய சேலை ஒன்றையும் போர்த்தி வைத்தேன். வெள்ளிக்கிழமை அந்த மூட்டைக்கும் கொஞ்சம் சாம்பிராணி காட்டினேன். இதை நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆனி முதல் வாரத்தில் மேஸ்திரி வந்தார். மூட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது. தட்டினார். விரல் முட்டியால் கொட்டினார். அப்புறம் வெறுங்காலால் ஒரு உதை விட்டார். வலித்திருக்கவேண்டும், காலைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இதுல சிமெண்டு இல்ல. பாறைதான் இருக்குது."

"புது மூட்டைப்பா. கடையில குடுத்த பில்லு கூட இருக்குது."

அவர் தரையைத் தொட்டுப் பார்த்தார். அறை முழுக்க ஒரு பார்வை பார்த்தார். "இங்க தண்ணி தெளிப்பீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயில் காலத்தில் காற்று காய்ந்துபோனால் பட்டு நூல் பட்பட்டென்று அறுந்துவிடும். அதற்காக வீட்டுக்காரர் குழிக்குள்ளும் சுற்றிலும் காலை, மதியம், சாயங்காலம் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். அந்தத் தண்ணீரை மொண்டு கொடுப்பதே நான்தான். இருபத்தாறு வருஷமாகச் செய்கிற வேலை என்பதால் அதை நான் ஈரம் என்றே நினைத்ததில்லை.

"நூலுக்குத்தான் மேஸ்திரி தெளிச்சேன்" என்றார் வீட்டுக்காரர் குழிக்குள் இருந்தபடியே. "பக்கத்துல இருக்கறவங்களும் குடிச்சிருக்காங்க போல."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சமையலறைக்குப் போய் நின்றேன். இன்னும் மூன்று வாரத்தில் ஆடி. புதுசாகச் சிமெண்ட் வாங்கவேண்டும், அதை எங்கே வைப்பேன்? எங்கே வைத்தாலும் எனக்குப் பயமாகத்தானே இருக்கும்? தோதுப்படலன்னா சொல்லிடுங்க சம்பந்தி. அந்தக் குரல் காதிலேயே நின்றது. போனைக் கையில் எடுத்தும்விட்டேன்.

வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வந்தார். தறியில் பாவு நூல் அறுந்தால்கூட நிதானமாக எழுந்திருப்பவர் அவர்.

"யாருக்குப் போன் பண்ற?"

"சம்பந்திக்கு. முடியலன்னு இப்பவே சொல்லிடலாம்."

"மொதல்ல மேஸ்திரிக்குக் காபி போடு."

"அனுப்பறீங்களா அவர?"

"இல்ல. இவருக்கு நெஜமாவே காபி."

மேஸ்திரி அதற்குள் மூட்டைகளைப் புரட்டிப் பார்த்திருந்தார். அடியில் இருந்ததெல்லாம் கல். மேலே இருந்த நாலு மட்டும் பிழைத்திருந்தது. "இது போதும்மா, இன்னிக்கே கோடு போட்டு வேலைய ஆரம்பிச்சிடலாம். அப்புறம் ஆடி வந்தா வரட்டும்" என்றார். காபியை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அண்ணே, நான் இத்தினி வருஷத்துல பாத்தது என்னான்னா, கவலப்படற வீட்ல கூலி வேலை மட்டும் எடுக்கக் கூடாது. சரக்கும் சேத்து எடுத்துக்கணும். அன்னன்னிக்குத் தேவையானத நானே வண்டியில வெச்சி எடுத்தாறேன். வீட்ல ஒரு மூட்டையும் தங்காது. அக்கா பாக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது."

மணலைக் கூட்டிவிடுவாரோ என்கிற பயம் எனக்குப் போய்விடவில்லை. ஆனால் பின்சுவரை ஒழுங்காகப் பூசுகிற மனுஷன், யாரும் பார்க்காத இடத்தில் சரியாகச் செய்கிறவர்தானே? அதை என் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தும் நான் ஏன் நம்பாமல் போனேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. முதலாளி என் வீட்டுக்காரரை நம்பித்தானே ஜரிகையைக் கொடுக்கிறார்? சரி என்றேன்.

"அப்ப எனக்கு வேலையே இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்குதுக்கா. செவுரு எழும்பினதும் தண்ணி ஊத்தணும். காலைல ரெண்டு வாட்டி, சாயங்காலம் ரெண்டு வாட்டி. ஊத்தினாத்தான் இறுகும்."

அந்த வேலையை என்னை மாதிரி யாராலும் செய்திருக்க முடியாது. நாலு வாட்டி சொன்னார், நான் பத்து வாட்டி ஊற்றினேன். "போதும், செவுத்துல நாத்து மொளைக்கப் போவுது" என்றார் வீட்டுக்காரர். மூட்டையை இறுக வைத்தவளுக்குச் சுவரை இறுக வைக்கத் தெரியாதா என்று மேஸ்திரியும் தன் பங்குக்குச் சொன்னார்.

கல்லாகிப்போன பதினோரு மூட்டையில் பத்தை உடைத்து பாத்ரூம் தரைக்கு அடியில் போட்டு நிரப்பினார்கள். ஒன்று மட்டும் உடையவே இல்லை. மேஸ்திரி அதைப் பாத்ரூமுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் படியாகப் பதித்துவிட்டார். மேலே இருந்த சாக்கைக் கிழித்து எடுத்தாலும், மூட்டையின் சுருக்கமும் தையலும் கல்லில் அப்படியே இருந்தது. அதில் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். வீட்டுக்காரரையும் குதிக்கச் சொன்னேன். ஆடவில்லை.

ஆவணியில் வளைகாப்பு முடிந்து பெண்ணைக் காரில் அழைத்து வந்தோம். சம்பந்தியம்மாவும் கூடவே வந்தார். வழி முழுக்க அவர் மடியில்தான் பெண்ணின் தலை. மாப்பிள்ளை பெட்டியை இறக்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா சொல்லாமல் கீழே வைக்கமாட்டார் போலிருந்தது.

சம்பந்தியம்மா நேராகப் பாத்ரூமுக்குப் போனார். குழாயைத் திறந்தார், மூடினார். தரையில் தண்ணீர் ஊற்றிக் காலால் தேய்த்துப் பார்த்தார். சுவரில் பிடித்துக்கொள்ளப் போட்டிருந்த கம்பியை இழுத்துப் பார்த்தார். அதோடு விடவில்லை. தோட்டத்துக்கு இறங்கி, சுற்றிக்கொண்டு போய்ப் பின்சுவரைத் தடவிப் பார்த்தார். என்னைப் போலவே இன்னொருத்தி இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை மாசமாக இந்த அம்மாவும் தூங்காமல் இருந்தாரோ.

திரும்பி வரும்போது படியைப் பார்த்து நின்றார். "இது இன்னா கல்லு சம்பந்தி? மூட்டை கணக்கா இருக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஸ்பெஷலா செஞ்சது சம்பந்தி. கடையில கெடைக்காது. உங்க சம்பந்தியம்மா ரெண்டு மாசம் தண்ணி ஊத்தி வளத்தாங்க."

என் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், தினமும் போனில் கதை கேட்டவள்தானே. சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நாங்கள் மூன்று பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் வந்து, "நல்லாருக்குதும்மா" என்றாள்.

சம்பந்தியம்மா வாசலைப் பார்த்து மகனிடம் சொன்னார்: "பெட்டிய உள்ள வைப்பா."

மாப்பிள்ளை உள்ளே வந்து இடம் தேடினார். தறிக்குப் பக்கத்தில் சுவரோரமாகப் பதினைந்து மூட்டை வைத்த இடம் இப்போது காலியாக இருந்தது. குனிந்து பெட்டியை அங்கே வைக்கப் போனார்.

"அங்க வேணாம் மாப்ள" என்றோம், நானும் வீட்டுக்காரரும் ஒரே குரலில்.