வெங்காய வண்டிக்குள் ஓர் அடுப்படி

ஐம்பத்து மூன்று வயதுவரை ரத்னா தன் வாழ்க்கையில் அடித்ததெல்லாம் காலண்டர் மாட்டுகிற ஆணி மட்டும்தான். ஐம்பத்து நான்காவது வயதில் ஒரு டிரெய்லரின் தகரச் சுவரில் ஜிக்சா ரம்பம் போட்டு ஜன்னல் வெட்டினாள். இரண்டுக்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. மகள் சிந்து முழுகாமல் இருந்தாள்.

சிந்து, ரத்னா இருக்கிற ஊரிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி, டவுரங்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் ராகேஷுக்கு அங்கேயே துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அவர்கள் இருப்பது யாரோ ஒருத்தி தன் வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்ட ஒற்றை அறை. கட்டிலைச் சுற்றி ஒருத்தர் நடக்க வேண்டுமென்றால் இன்னொருத்தர் வாசலுக்குப் போக வேண்டும். இரண்டு பேருக்கு மேல் தங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியே இருக்கிறது.

"இட்ஸ் ஃபைன் மா. ராகேஷ் லீவ் போடுவான். மிட்வைஃப் வீட்டுக்கே வருவாங்க" என்றாள் சிந்து போனில்.

"வருவா. வந்து பூண்டுக் குழம்பு வெச்சுக் குடுப்பாளா?"

"அம்மா!"

"என்ன அம்மா? பத்தியச் சோத்தை ராகேஷா வடிப்பான்? அவன் முட்டை வேக வெச்ச லட்சணத்தை நான்தான் பாத்தேனே."

பிள்ளை பெற்ற பிறகு நாற்பது நாளும் மோட்டலில் தங்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ரொட்டோருவாவில் ஒரு மோட்டலில் ரத்னா கடுகு தாளித்ததற்குப் புகை மணி அலறி, தீயணைப்பு வண்டி வந்து நின்ற கதை தெரியாதவர்கள் சொன்னது அது. ஹெல்மெட் போட்ட நான்கு பேர் அவள் வாணலியை எட்டிப் பார்த்த அன்றோடு மோட்டல் என்ற சொல்லே அந்த வீட்டில் செத்துப்போனது.

ஆக, மகள் வீட்டுக்குள் இடமில்லை. வாசலில் இடம் உண்டு. காரேஜை ஒட்டி சிமெண்டு போட்ட ஒரு பாதை சும்மா கிடந்தது. சிந்து வீட்டுக்காரம்மாவுக்கு எழுதிக் கேட்டாள். வண்டி நிற்கலாம், வீட்டுக்குள் ஆள் படுக்கக் கூடாது என்று பதில் வந்தது. ரத்னாவுக்கு அது போதும்.

அவள் கணவர் சுப்பிரமணியன் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர். கூட வேலை செய்கிறவரின் அண்ணன் புக்கிகோஹியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு டிரெய்லர் சும்மா நிற்பதாகக் கேள்விப்பட்டு வந்து சொன்னார். நாலு பக்கமும் மூடிய பெட்டி. நீளம் பத்தடி, அகலம் ஆறடி, நிமிர்ந்தால் தலை இடிக்காத உயரம். ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை அது மனுரேவாவில் அவர்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. கதவைத் திறந்ததும் வெங்காய நெடி மூக்கில் அறைந்தது.

"ஏம்புள்ள, இதுக்குள்ளயா இருக்கப் போற?"

"சந்தைக்குப் போனா இதே வாசம்தானுங்க வருது. அங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டா நிக்கறீங்க?"

மூன்று முறை சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். வினிகர் ஊற்றித் துடைத்தாள். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொன்னதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சுவருக்கும் கூரைக்கும் நுரை அட்டை ஒட்டினாள். அதன் மேல் பலகை. சுப்பிரமணியன் வேலை முடிந்து வந்து பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடிப்பார். வெல்டிங், மின்சாரம், கூரையில் ஓட்டை போடுவது போன்ற பெரிய வேலைக்கெல்லாம் அடுத்த வீட்டு இராசநாயகம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பென்ரோஸில் டிரெய்லர் பழுதுபார்க்கிற பட்டறையில் பதினாறு வருஷம் வேலை. அதிகம் பேசமாட்டார். பேசினால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அடுப்படியில்தான் சிக்கல் வந்தது.

பிழைக்க இந்த வெளிநாட்டுக்கு வந்த பத்தொன்பது வருஷமாக ரத்னா யாரோ கட்டின அடுப்படியில் சமைத்தவள். முதல் வாடகை வீட்டில் அடுப்பு ஈசானிய மூலையில். இரண்டாவதில் அதற்கு எதிரே கக்கூஸ் கதவு. இப்போதிருக்கும் வீட்டில் மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம். மாற்ற முடியாத இடத்தில் முனகி என்ன பயன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். இது அவள் கையால் கட்டுகிற முதல் அடுப்படி. இதிலாவது அடுப்பு அக்கினி மூலையில் இருக்கும், கிழக்கைப் பார்த்து நின்றுதான் கிண்டுவேன் என்று முடிவு கட்டிவிட்டாள்.

போனில் திசை பார்த்தாள். டிரெய்லரின் மூக்கு, வண்டியோடு கோக்கிற முன்முனை, வடக்கே தெருவைப் பார்த்து நின்றது. அப்படியானால் தென்கிழக்கு என்பது பின்பக்கம், வலது மூலை.

"வண்டி திரும்புனா மூலையும் திரும்பிருமே புள்ள" என்றார் சுப்பிரமணியன்.

"ஓடுறப்ப யாருங்க சமைக்கறது? நிக்கிறப்ப எப்படி நிக்குதோ அதுதான் கணக்கு. சிந்து வீட்டு வாசலையும் மேப்புல பாத்துட்டேன். அங்கயும் மூக்கு வடக்கேதான் நிக்கும்."

அவர் அளவு நாடாவை எடுத்துப் பின் மூலையை அளக்கப் போனார்.

பின் மூலையில் கனமான மரப்பலகை மேடை எழும்பியது. அதன் கீழே நாற்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர், கல் போட்ட கிரைண்டர், இருபது கிலோ அரிசி மூட்டை, பருப்பு டின்கள். நேர் மேலே கூரையில் புகை போக ஒரு திறப்பு; கண்ணாடி மூடி போட்டது, தூக்கி வைக்கலாம். முன்பக்கம் படுக்கை.

இராசநாயகம் வந்து குனிந்து பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இது சரிவராது. பாரமெல்லாம் பின்னுக்குக் கிடக்குது. மூக்குப் பாரமா இருக்கோணும். இல்லாட்டி றோட்டில வால் ஆட்டும்."

"அண்ணே, வெல்டிங் உங்களுக்குத் தெரியும். அடுப்படி எனக்குத் தெரியும். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போம்."

"ஓம்" என்றார் அவர். ஸ்பானரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

சிந்துவின் பிரசவத்துக்குக் குறித்த நாளுக்குப் பதினாறு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், புது அடுப்பில் பால் காய்ச்சினாள். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. ரத்னாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சோதனை ஓட்டமாகப் பொக்கினோவரை போய், ஆளுக்கொரு ஐஸ்கிரீம் தின்றுவிட்டுத் திரும்பலாம் என்று தங்கள் வேனில் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

வழியில் பம்பாய் என்று பேர் வைத்திருந்த குன்று ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. இறக்கத்தில் வேகம் எண்பதைத் தொட்டபோது, யாரோ வேனின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு தரம் உலுக்கியது போலிருந்தது. பிறகு இன்னொரு தரம், இன்னும் பலமாக. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஆடுகிறது. பின்னால் வந்த லாரி ஹாரனை அமுக்கிப் பிடித்தது. ரத்னாவுக்கு வாயில் முருகா கூட வரவில்லை. சுப்பிரமணியன் பிரேக்கைத் தொடவில்லை; ஃபோர்க்லிப்ட் ஓட்டின கால், ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டது. ஆட்டம் குறைந்தது. ஓரத்தில் நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து அவர் விரல்கள் உடனே பிரியவில்லை.

டிரெய்லருக்குள் உளுத்தம்பருப்பு டின் விழுந்து மூடி கழன்று, தரை முழுக்கப் பருப்பு.

"எனக்கு ஆகாது புள்ள" என்றார் அவர். "இதைக் கட்டி இழுத்துக்கிட்டு டவுரங்கா போற வழில அந்தக் கராங்காஹாகே மலைச் சந்துல என்னால ஓட்ட முடியாது. நீ பஸ்ல போ. ரெண்டு நாள் இருந்து புள்ளையப் பாத்துட்டு வா."

"ரெண்டு நாள் பாத்துட்டு வர்றதுக்கு நான் என்ன தூரத்துச் சொந்தமா?"

ரத்னா டிரெய்லருக்குள் ஏறினாள். முட்டி போட்டு உட்கார்ந்து பருப்பைப் பொறுக்கினாள். பக்கத்தில் லாரிகள் போகப் போக டிரெய்லர் மெல்ல அதிர்ந்தது. ஒரு டின் பருப்பு பொறுக்கி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். ஒருத்தி தன் தலையில் தானே குட்டிக்கொள்ள அது தாராளம். அடுத்த வீட்டு மனுஷன் சொன்னாரே, கேட்டேனா? சிந்துவுக்கு வலி எடுத்தால் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். எதனால்? அடுப்பு எந்த மூலை என்று பார்த்ததால். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், ஊரே முந்திக்கொண்டு போக, வீடு வந்து சேர்ந்தார்கள்.

சாயங்காலம் ரத்னா குழிப்பணியாரம் சுட்டாள். ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு இராசநாயகம் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, பணியாரம்."

அவர் டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஆட்டினதோ?"

"ஆட்டுச்சு."

"நான் அப்பவே சொன்னனான் எண்டு சொல்லமாட்டன்."

"சொல்லிருங்க அண்ணே. சொல்லாம அடக்கி வெச்சா உங்களுக்குத்தான் பணியாரம் இறங்காது."

அவர் ஒரு பணியாரத்தைக் கடித்துக்கொண்டே உள்ளே போய், குளியலறையில் எடை பார்க்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். நேராக டிரெய்லரிடம் போனார். வேனிலிருந்து கழற்றி, மூக்கை ஒரு கட்டை மேல் தாங்கி, கட்டையை அந்த மெஷின் மேல் வைத்தார்.

ஒன்பது கிலோ காட்டியது.

"முழு வண்டியும் எழுநூறு கிலோ வரும். அதில பத்தில ஒரு பங்கு மூக்கில நிக்கோணும். எழுவது." சுற்றும் முற்றும் பார்த்தார். "அண்ணன் என்ன பாரம்?"

"எழுபத்தொண்ணு" என்றார் சுப்பிரமணியன் தயங்கித் தயங்கி.

"அப்ப சரி. அண்ணன மூக்கில இருத்தி வைச்ச மாதிரி இருக்கோணும்."

"வீட்டுலயும் என் மூக்கு மேலதானே உக்காந்திருக்காரு" என்றாள் ரத்னா. அன்றைக்கு முதல்முறையாகச் சுப்பிரமணியன் சிரித்தார்.

மறுநாள் காலையில் ரத்னா தன் கையால் போட்ட ஸ்க்ரூவை எல்லாம் தன் கையாலேயே கழற்றினாள். கழற்றும்போது போட்டதைவிட அதிகம் தெரிந்தது. மேடை அவ்வளவு கனமாக இருக்கத் தேவையில்லை. பாதியை அறுத்து எறிந்தாள். அடுப்பும் மேடையும் சக்கரத்துக்கு நேர் மேலே, நடுவுக்கு வந்தன. தண்ணீர்த் தொட்டி, கிரைண்டர், அரிசி மூட்டை முன்னால் போயின. படுக்கை, வெறும் ஃபோம் என்பதால், பின்னால்.

"நடு இடம் பிரம்மஸ்தானம், அதைக் காலியா விடணும்னு நீதான் புள்ள சொன்ன" என்றார் சுப்பிரமணியன், பலகையைப் பிடித்துக்கொண்டு.

"பிரம்மா வந்தா எடத்தைக் காலி பண்ணித் தர்றேன். இப்பக் கோணாம பிடிங்க."

இராசநாயகம் நடுக் கூரையில் புது ஓட்டை போட்டு, தகர மூடியோடு ஒரு விசிறியும் வைத்தார். பழைய திறப்பு இப்போது படுக்கைக்கு நேர் மேலே, யாருக்கும் உபயோகமில்லாமல் ஆகாயத்தைப் பார்த்துக் கிடந்தது. அடைத்துவிடவா என்று கேட்டார்.

"கெடக்கட்டும் அண்ணே. நான் பண்ணின கூத்தைப் படுத்துக்கிட்டே பாக்கறேன்."

ஒவ்வொரு சாமானையும் வைப்பதும், மெஷினைப் பார்ப்பதும், ஒரு டின்னை முன்னால் தள்ளுவதுமாக நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் முள் அறுபத்தெட்டில் நின்றது. இராசநாயகம் ஒரு புளி டப்பாவையும் வெல்லக் கட்டியையும் முன்னால் தள்ளி வைத்தார். எழுபது. ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"போங்கோ" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பம்பாய் குன்றின் உச்சியில் சுப்பிரமணியன் ரேடியோவை நிறுத்தினார். ரத்னா இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இறக்கம். அறுபது. எழுபது. எண்பது. கண்ணாடியில் வெங்காய வண்டி, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு, கோட்டுக்குள் வந்தது. குன்று முடிந்த பிறகுதான் இருவருமே மூச்சு விட்டார்கள்.

"ரேடியோ போடட்டுமா?" என்றார் அவர்.

"போடுங்க. ஆனா பாடாதீங்க."

மலைச் சந்தில் அவர் மெதுவாகத்தான் போனார். பின்னால் பதினொரு கார் சேர்ந்தது. ரத்னா திரும்பித் திரும்பி எண்ணினாள். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி அத்தனைக்கும் வழி விட்டார்கள்.

டவுரங்காவில் சிந்து இடுப்பில் கை வைத்து வாசலிலேயே நின்றிருந்தாள். வயிறு அவளுக்கு முன்னால் நின்றது. ராகேஷ் வேலைக்குப் போயிருந்தான். வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்ததும், ரத்னா உள்ளே ஏறி நேராக அடுப்பைப் பற்ற வைத்தாள். மிளகு ரசம், குழைந்த சாதம், சுட்ட அப்பளம். சிந்து படியில் உட்கார்ந்து தட்டை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டாம் தரம் தட்டை நீட்டினாள்.

"வேண்டாம், இட்ஸ் ஃபைன்னு யாரோ சொன்னாங்களே?"

"அம்மா, ஸ்டாப். ரசம் ஊத்து."

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "ஜஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்" என்று பின்னால் போய்ப் படுத்தாள். பக்கவாட்டில் திரும்பி, தலையணையைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே அந்தத் திறப்பைப் பார்த்தாள். அதில் ஒரு வெள்ளை மேகத் துண்டு மெல்ல நகர்ந்தது.

"நைஸ் மா, இந்த ஸ்கைலைட். ப்ளான் பண்ணி வெச்சியா?"

வாசலில் நின்ற சுப்பிரமணியன் வாயைத் திறந்தார். ரத்னா கரண்டியைத் தூக்கினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"பின்ன? உனக்காகத்தான்" என்றாள்.

சிந்து அதைக் கேட்டாளோ என்னவோ, தூங்கிவிட்டிருந்தாள். ஒரு வாரமாகச் சரியாகத் தூக்கமில்லை என்று ராகேஷ் சொல்லியிருந்தான். ரத்னா விசிறியைக் குறைத்து வைத்து, சத்தமில்லாமல் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். வெளியே சுப்பிரமணியன் போனைத் தரையில் வைத்துக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

"என்னங்க அது?" என்றாள் கிசுகிசுப்பாக.

"சும்மா. அடுப்பு எந்தத் திசைல வந்திருக்குன்னு..."

"போனை எடுத்து உள்ள வைங்க. இல்லாட்டி திரும்பிப் போறப்ப உங்களைத்தான் மூக்குல கட்டி வெச்சு இழுத்துட்டுப் போவேன்."

அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். ரத்னா பூண்டை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.